ரோமுக்கு ஒரு காலிப் பாட்டிலோடு வாருங்கள்

"அக்கா, ரோமில் மூன்று நாள்தான் இருப்போம். எதைப் பார்ப்பது, எதை விடுவது?" என்று சித்தி மகன் சென்ற மாதம் தொலைபேசியில் கேட்டான். பதினான்கு ஆண்டுகளாக இந்த நகரத்தில் வாழ்கிறேன். ஆண்டுக்கு நான்கைந்து பேராவது இதே கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். கொலோசியம், வத்திக்கான் அருங்காட்சியகம், சிஸ்டைன் சிற்றாலயம் என்று அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். அதில் குறை ஒன்றும் இல்லை. இணையத்தில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள், காலையில் முதல் ஆட்களாகப் போய்விடுங்கள். அவற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். மீதி நேரத்தை என்ன செய்வது என்பதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன்.

அவனிடம் சொன்னேன்: ஒரு காலிப் பாட்டில் கொண்டுவா. தண்ணீர் போன வழியே நட.

நான் பிறந்து வளர்ந்தது இராமநாதபுரம் மாவட்டத்தில். கோடையில் ஊருணி வற்றிய பிறகு, லாரித் தண்ணீருக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த நாட்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்படி வளர்ந்த நான் ரோமுக்கு வந்த முதல் வாரத்தில், தெருமுனையில் ஓர் இரும்புக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்தேன். நெஞ்சு பதறியது. மூடுவதற்குத் திருகு தேடினேன்; இல்லை. காய்கறிப் பையோடு அந்த வழியாக வந்த ஒரு மூதாட்டி நின்று, குழாயின் வாயை விரலால் அடைத்தார். மேல்வளைவில் இருந்த சிறு துளை வழியாகத் தண்ணீர் வில்லாக எழுந்தது. குனியாமலே குடித்தார். "இப்படித்தான், கண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தக் குழாய்க்கு நாசோனே என்று பெயர். பெரிய மூக்கு என்று பொருள். வளைந்த குழாயைப் பார்த்து மக்கள் வைத்த பெயர். 1874-இல் நகராட்சி இவற்றை நிறுவத் தொடங்கியது. இன்று நகரம் முழுவதும் ஏறக்குறைய 2500 இருக்கின்றன. எல்லாம் வார்ப்பிரும்பு, இடுப்பளவு உயரம். முதலில் வைத்தவற்றில் மூன்று பக்கமும் டிராகன் தலை போன்ற மூன்று வாய்கள் இருந்தன. அந்தப் பழைய வகையில் ஒன்றைப் பாந்தியோன் என்ற பண்டைய ரோமானியக் கோயிலுக்கு எதிரே இருக்கும் சதுக்கத்தில் இப்போதும் பார்க்கலாம். தண்ணீர் அப்பெனைன் மலையடிவாரத்தில் ரியேத்தி அருகே உள்ள பெஸ்கியேரா போன்ற ஊற்றுகளிலிருந்து வருகிறது. ஓடிக்கொண்டே இருப்பதால் குழாய்க்குள் தேங்கிக் கெடுவதில்லை. ஜூலை வெயிலிலும் பல் கூசும் குளிர்ச்சி. சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் எங்கள் வீட்டுக் கெண்டியில் வெள்ளைப் படிவு ஏறிவிடும், ஆனால் குடிக்க அருமையான தண்ணீர். 'நோன் பொத்தாபிலே' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். நினைவுச்சின்னங்களின் வாசலில் பாட்டில் தண்ணீரை விலை கொடுத்து வாங்கிக் கையில் பிடித்தபடி, பத்தடி தூரத்தில் இலவசமாகக் கொட்டும் தண்ணீரைக் கடந்துபோகும் பயணிகளைப் பார்த்தால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சில நாள் சொல்லியும் இருக்கிறேன்.

முதல் நாளைப் பியாத்சா தி ஸ்பாஞ்ஞா சதுக்கத்தில் தொடங்குங்கள், காலை ஏழு மணிக்கு முன்பாக. எட்டரைக்கு மேல் அங்கே கூட்டத்தின் முதுகுகளைத்தான் பார்க்க முடியும். ஸ்பானியப் படிக்கட்டுகளின் அடியில் பாதி மூழ்கிய படகு போல ஒரு நீரூற்று கிடக்கிறது. பெயர் பார்காச்சா. புகழ்பெற்ற சிற்பி பெர்னினியின் தந்தை பியெத்ரோ பெர்னினி 1629-இல் முடித்தது. மற்ற நீரூற்றுகள் வானத்தை நோக்கிப் பாய, இது மட்டும் ஏன் தரைக்குக் கீழே பதுங்கியிருக்கிறது? இங்கு வரும் நீருக்கு அழுத்தம் மிகக் குறைவு. உயரே எழாத நீரை வைத்து என்ன செய்வது என்று யோசித்த சிற்பி, தரையைத் தாழ்த்தி, ஓட்டை விழுந்த படகின் பக்கங்கள் வழியே தண்ணீர் கசிந்து ஒழுகுவதாக அமைத்துவிட்டார். குறையையே வடிவமாக்கிய அந்த அறிவுக்காகவே ரோமின் நீரூற்றுகளில் எனக்கு இதுதான் மிகவும் பிடிக்கும்.

படிக்கட்டை ஒட்டி வலப்பக்கம் இருக்கும் வீட்டில் ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் 1821 பிப்ரவரியில் காசநோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 25. அந்தச் சிறிய அறையின் சன்னலுக்குக் கீழேதான் இந்தப் படகு. தன் பெயர் தண்ணீரில் எழுதப்பட்டது என்ற வரியைக் கல்லறையில் பொறிக்கச் சொன்னார். அந்தக் கல்லறையும் இதே நகரத்தில், பிரமிடு வடிவ ரோமானியச் சமாதியின் அருகே, கத்தோலிக்கர் அல்லாதோருக்கான இடுகாட்டில் இருக்கிறது. பூனைகள் உலவும், பைன் மர நிழல் விழும் இடம். கூட்டத்தால் களைத்துப் போகும் ஒரு மதியத்தை அதற்காக வைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டுகளில் மட்டும் உட்காராதீர்கள். 2019 முதல் அதற்கு அபராதம்.

பார்காச்சாவுக்கு நீர் கொண்டுவந்தது அக்வா விர்கோ என்ற கால்வாய். கிமு 19-இல் அகஸ்டஸ் பேரரசரின் நண்பரும் தளபதியுமான அக்ரிப்பா கட்டியது. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளத்துக்கு மிகச் சிறிய சரிவில், பெரும்பகுதி நிலத்துக்கு அடியிலேயே வருகிறது. அழுத்தம் குறைந்ததற்கு அந்தச் சரிவு காரணம். மற்றக் கால்வாய்கள் அழிந்தபோதும் இது தப்பியதற்கு மண்ணுக்குள் இருந்ததே காரணம். இதை எங்கே பார்ப்பது என்று பலருக்குத் தெரியாது. விய தெல் திரித்தோனே தெருவில் ஒரு பெரிய பல்பொருள் அங்காடி இருக்கிறது. அதன் அடித்தளத்துக்குப் படியிறங்கிப் போங்கள். விலையுயர்ந்த பாத்திரங்களும் விளக்குகளும் விற்கும் இடத்தின் நடுவே அந்தக் கால்வாயின் வளைவுகள் நிற்கின்றன. கட்டணம் கிடையாது. பக்கத்தில் விய தெல் நஸரேனோ தெருவில் கம்பி வேலிக்குப் பின்னே இன்னும் சில வளைவுகளும், அவற்றைச் செப்பனிட்ட கிளாடியஸ் பேரரசரின் கல்வெட்டும் உண்டு.

இதே நீர்வழியின் முடிவில்தான் டிரெவி நீரூற்று. அங்கே காசு எறிவதை நான் தடுக்கமாட்டேன். அந்தக் காசைக் கத்தோலிக்கத் தொண்டு நிறுவனமான காரித்தாஸ் ஏழைகளுக்காகப் பயன்படுத்துகிறது. ஆனால் எறிவதற்கு முன்பு தலையை உயர்த்துங்கள். மேலே இரண்டு புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. ஒன்றில் அக்ரிப்பா கால்வாயின் வரைபடத்தைப் பார்வையிடுகிறார். மற்றொன்றில் ஒரு பெண் தாகமெடுத்த படைவீரர்களுக்கு ஊற்று இருக்கும் இடத்தைக் காட்டுகிறாள். விர்கோ, அதாவது கன்னி என்ற பெயர் அவளால் வந்தது என்பார்கள். நீரூற்றை வடிவமைத்த நிக்கோலா சால்வி 1732-இல் வேலையைத் தொடங்கினார்; 1762-இல் அது முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

இரண்டாம் நாளுக்குப் பியாத்சா நவோனா. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு சித்தி வந்திருந்தபோது அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

சதுக்கத்தின் நடுவே மகன் பெர்னினி வடிவமைத்து 1651-இல் முடிந்த நான்கு நதிகளின் நீரூற்று. அன்று அறியப்பட்ட நான்கு கண்டங்களுக்கு நான்கு நதிகள்: ஐரோப்பாவுக்கு டான்யூப், ஆப்பிரிக்காவுக்கு நைல், அமெரிக்காவுக்கு ரியோ தெ லா பிளாட்டா, ஆசியாவுக்கு நம்முடைய கங்கை. நைல் நதியின் பிறப்பிடம் அப்போது யாருக்கும் தெரியாது என்பதால் அதன் முகம் துணியால் மூடியிருக்கிறது. கங்கை கையில் துடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறது. நீண்ட தூரம் படகு ஓட்டலாம் என்பதற்கு அடையாளம். "இதுதான் கங்கை, சித்தி" என்றேன். சித்தி சுற்றி வந்து பார்த்தார். நீண்ட தாடி, திரண்ட தோள்கள். "கங்கை எப்போது ஆணாக மாறினாள்?" என்று கேட்டார். ரோமானியர்களுக்கு ஆறுகள் எல்லாம் ஆண்கள். டைபர் நதியையும் தந்தை என்றுதான் அழைத்தார்கள். அதை விளக்கினேன். சித்தி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவளைப் பார்க்காமல் செய்திருக்கிறான், பாவம்" என்றார். அன்றிலிருந்து அந்தச் சிலையைக் கடக்கும்போதெல்லாம் சித்தியின் குரல் கேட்கிறது.

ஒரு காலத்தில் இந்தச் சதுக்கம் முழுவதுமே ஏரியாகும். 1652 முதல் 1866 வரை, ஆகஸ்ட் மாத வார இறுதிகளில் நீரூற்றுகளின் வடிகால்களை அடைத்துத் தண்ணீரைத் தேங்கவிடுவார்கள். பிரபுக்கள் கோச்சு வண்டிகளை அதற்குள் ஓட்டினார்கள், ஏழைப் பிள்ளைகள் குதித்து ஆடினார்கள். கோடையைக் கடக்க இவ்வளவு அழகான வழியை ஏன் கைவிட்டார்கள் என்று எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் பாந்தியோன். 2023 முதல் நுழைவுக் கட்டணம் உண்டு. நல்ல மழை நாளில் போகக் கிடைத்தால் பாக்கியம். தரையிலிருந்து 43.3 மீட்டர் உயரமும் அதே அளவு விட்டமும் கொண்ட குவிமாடத்தின் உச்சியில் மூடாத வட்டத் திறப்பு. மழை நேராக உள்ளே இறங்கி, இலேசாகப் புடைத்த தரையில் வழிந்து, சலவைக்கல்லில் துளைத்த சிறு ஓட்டைகள் வழியே மறைகிறது. ஏறக்குறைய 1900 ஆண்டுகளாக அந்த வடிகால் வேலை செய்கிறது.

பின்புறம் இருக்கும் சாந்தா மரியா சோப்ரா மினெர்வா தேவாலயத்தின் முகப்புச் சுவரில் வலது ஓரமாகப் பாருங்கள். ஒன்றன் மேல் ஒன்றாகச் சிறு கற்பலகைகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆண்டு, ஒரு கோடு. டைபர் வெள்ளம் ஏறிய உயரம். 1598 டிசம்பரில் வந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது; நிமிர்ந்துதான் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். 1870 டிசம்பரில் மறுபடி பெருவெள்ளம் வந்த பிறகு, 1876 முதல் ஆற்றின் இரு கரையிலும் உயரமான சுவர் எழுப்பினார்கள். வெள்ளம் நின்றது. ஆறும் ஊரும் பிரிந்தன. இன்று டைபரை நாம் ஒரு பள்ளத்தில் எட்டிப் பார்க்கிறோம். பாதுகாப்பு முக்கியம்தான், ஆனாலும் ஆற்றங்கரையில் வளர்ந்த எந்த ஊருக்கும் இது இழப்பு.

விய தெல் கோர்சோவை ஒட்டிய விய லாத்தா என்ற சிறு தெருவையும் விட்டுவிடாதீர்கள். சுவரில் பதித்த ஒரு மனிதன் மரப்பீப்பாயை அணைத்துப் பிடித்திருக்கிறான். பீப்பாயிலிருந்து தண்ணீர் விழுகிறது. முகம் முழுவதும் தேய்ந்துவிட்டது. அவன் தண்ணீர் விற்பவன். இடைக்காலம் முழுவதும் ரோமானியர் பலர் டைபர் ஆற்றுத் தண்ணீரைத்தான் இப்படிப்பட்டவர்களிடம் வாங்கிக் குடித்தார்கள். 1570-இல் அக்வா விர்கோ சீரமைக்கப்பட்டு நகருக்குள் நல்ல நீர் வந்த பிறகே அந்தத் தொழில் மெல்ல மறைந்தது. அரசர்களுக்கும் போப்புகளுக்கும் சிலைகள் நிறைந்த ஊரில் குடம் சுமந்தவனுக்கும் ஒரு சிலை.

மாலையில் டைபர் தீவுக்கு நடங்கள். தீவுக்குப் போகும் ஃபாப்ரிச்சியோ பாலம் கிமு 62-இல் கட்டியது, அதன் மேல்தான் இன்றும் நடக்கிறோம். தீவில் கிமு மூன்றாம் நூற்றாண்டில் மருத்துவக் கடவுளுக்குக் கோயில் இருந்தது. இப்போது மருத்துவமனை இருக்கிறது. கோடையானால் தீவின் மறுபக்கம் இருக்கும் பாலத்தின் அருகே ஒரு சிறு கடையில் பனிக்கட்டிப் பாறையைக் கையால் சீவி, மேலே பழச்சாறு ஊற்றித் தருவார்கள். கிரத்தாகெக்கா என்று கேளுங்கள். எதிர்க்கரையில் இருக்கும் பழைய யூதக் குடியிருப்பில் முழுதாகப் பூப்போலப் பொரித்த கூனைப்பூ (ஆர்ட்டிசோக்) கிடைக்கும். சைவர்கள் தயங்காமல் சாப்பிடலாம்.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். சுப்ளி என்ற அரிசி உருண்டையில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். புந்தாரெல்லே என்ற கீரை சாலட்டில் நெத்திலி மீன் அரைத்திருக்கும். மிளகும் பாலாடைக்கட்டியும் மட்டும் சேர்த்த காச்சோ எ பெப்பே ரோமின் சொந்த உணவு, முசிறித் துறையில் பொன் கொடுத்து மிளகு ஏற்றிப்போன கப்பல்களை நினைத்துக்கொண்டு சாப்பிடலாம். ஆனால் அதில் சேரும் பெக்கொரீனோ பாலாடைக்கட்டியை உறைய வைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாற்றைப் பயன்படுத்துகிறார்கள். கடுமையான சைவர்கள் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். எடை போட்டு வெட்டித் தரும் வெறும் பிட்சா பெரும்பாலும் எல்லோருக்கும் ஆகும். காப்பியை நின்றுகொண்டே குடியுங்கள், உட்கார்ந்தால் பல இடங்களில் விலை வேறு. பஸ் டிக்கெட்டை புகையிலைக் கடையில் வாங்கலாம், 100 நிமிடம் செல்லும், ஏறியதும் முத்திரை குத்த மறக்காதீர்கள். தெருக்கள் எல்லாம் கருங்கல் பாவியவை, நல்ல செருப்பு அவசியம். ஆகஸ்ட் நடுவில் மட்டும் வராதீர்கள். வெயிலும் கொடுமை, என் தெருவில் பாதிக் கடைகளும் பூட்டியிருக்கும்.

மூன்றாம் நாள் காலையில் கொலோசியம் பார்த்தீர்கள் என்றால், அங்கிருந்து சில நிமிட நடையில் சான் கிளெமெந்தே தேவாலயம். மேலே 12-ஆம் நூற்றாண்டுக் கோயில். படியிறங்கினால் 4-ஆம் நூற்றாண்டுக் கோயில். இன்னும் இறங்கினால் முதலாம் நூற்றாண்டு வீடுகளும் மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாட்டு அறையும். 1857-இல் இங்கிருந்த அயர்லாந்துத் துறவி ஜோசப் முல்லூலி தோண்டத் தொடங்கியதால் இவை வெளிவந்தன. ஆகக் கீழே போனதும் பேச்சை நிறுத்துங்கள். சுவருக்கு அப்பால் தண்ணீர் ஓடும் ஓசை கேட்கும்.

மாலை எங்கள் பகுதிக்கு வந்துவிடுங்கள். மெட்ரோ ஏ தடத்தில் ஜூலியோ அக்ரிகோலா நிலையம். ஏழெட்டு மாடிக் குடியிருப்புகளைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால், அடுக்குமாடிகள் சட்டென்று முடிந்து, புல்வெளி திறந்து, அதன் குறுக்கே கல்வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. கால்வாய்களின் பூங்கா. வேலி, டிக்கெட் எதுவும் கிடையாது. நாங்கள் மாலையில் நடக்கும் இடம். பிள்ளைகள் பந்து விளையாடும் இடம். உயரமான வளைவுகள் அக்வா கிளாடியா, கிபி 38-இல் தொடங்கி 52-இல் முடித்தது. தாழ்வாக ஓடுவது 1586-இல் ஐந்தாம் சிக்ஸ்டஸ் போப் கட்டிய அக்குவா ஃபெலீச்சே. 537-இல் நகரை முற்றுகையிட்ட கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் கால்வாய்களை வெட்டிவிட்டார்கள். கால்வாய் நீரில் சுழன்ற மாவு ஆலைகள் நின்றன. நகரைக் காத்து நின்ற தளபதி பெலிசாரியஸ் டைபரில் படகுகளைக் கட்டி, அவற்றின் நடுவே ஆலைச் சக்கரங்களைச் சுழலவிட்டு ஊருக்கு மாவு அரைத்தார். அதன் பின் மேட்டு நிலங்களில் நீர் இல்லாமல், மக்கள் ஆற்றின் வளைவை ஒட்டி ஒடுங்கினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வழிகாட்டிகள் இதைச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தெற்கு இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அக்குவா ஃபெலீச்சேயின் வளைவுகளை அடைத்துத் தகரக் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். வீட்டில் தண்ணீர்க் குழாய் இல்லை, கழிப்பறை இல்லை. 1968-இல் ரொபெர்த்தோ சார்தெல்லி என்ற பாதிரியார் அவர்களோடு குடிவந்து, ஒரு குடிசையில் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். தங்கள் நிலையை எழுதி அந்தப் பிள்ளைகள் நகர மேயருக்குக் கடிதம் அனுப்பினார்கள். 1970-களின் தொடக்கத்தில்தான் அந்தக் குடும்பங்களுக்கு வேறு இடத்தில் வீடு கிடைத்தது. வளைவுகளின் கல்லில் அடுப்புப் புகையின் கருமையும் ஓடு பதித்த சுவரின் மிச்சமும் கூர்ந்து பார்த்தால் தெரிகின்றன.

சித்திக்கு இதைச் சொன்னபோது வளைவில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். "தலைக்கு மேல் தண்ணீர் ஓடியிருக்கிறது, கீழே இருந்தவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான்" என்றார். எங்கள் ஊர் லாரி வரிசையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை. இருட்டும்வரை நடந்தோம். பூங்காவை விட்டு வெளியே வந்ததும் முதல் நாசோனேயில் சித்தி முகம் கழுவி, தான் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த சிறிய செம்பை நிரப்பிக்கொண்டார். ரோமில் இருந்த இரண்டு வாரமும் அந்தச் செம்பைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் நடந்தார்.

தம்பி குடும்பத்தோடு அக்டோபரில் வருகிறான். பாட்டில் வாங்க வேண்டாம், தன் செம்பைக் கொடுத்தனுப்புவதாகச் சித்தி சொல்லியிருக்கிறார்.